கட்டிலுக்கு அடியில் இருந்தவன்

ஜனவரி 9

அக்காவுக்கு,

நாம் பேசிப் பதினாலு வருடம் ஆகிறது. அம்மாவை எடுத்த அன்று வாசலில் கையசைத்துவிட்டு வண்டி ஏறினாய், அதோடு சரி. நாலு வருடம் முன்பு என் மனைவி போனபோது உனக்குத் தகவல் அனுப்பினேன். பதில் இல்லை. அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

என் மகளைப் பற்றி எழுதுகிறேன். குண்டூசியை நீ கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பத்து வயது. அதே ஒல்லிதான் இன்னும், ஆனால் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. ஆராய்ச்சி யாரைப் பற்றி என்றால், உன்னைப் பற்றி. உன் ஆரம்ப கால நாவல்களிலும் பிற்கால நாவல்களிலும் திரும்பத் திரும்ப வருகிற விஷயங்கள், காட்சிகள், இவைதான் தலைப்பு. “சொந்த அத்தையப் பத்தி எழுதக்கூடாதுன்னு கைடு சொன்னாரு, சண்ட போட்டு வாங்கினேன்ப்பா” என்று பெருமையாகச் சொன்னாள். நானும் அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய அட்டையை ஒட்டி வைத்திருக்கிறாள். உன் பதினோரு நாவலுக்கும் பதினோரு கட்டம். முதல் ஐந்து நாவலுக்கு நேராகப் பச்சை மையில், ‘கட்டிலுக்கு அடியில் ஒளியும் தம்பி’. ஏழாவதிலிருந்து சிவப்பு மையில், ‘மனைவியை அடிக்கும் கணவன்’. பச்சையிலிருந்து சிவப்புக்கு ஓர் அம்புக்குறி. அந்தத் தம்பிதான் வளர்ந்து இந்தக் கணவன் ஆகிறானாம். இரண்டு பேருக்கும் இடது காது கேட்காது. எட்டாவது நாவலிலிருந்து அவன் லிஃப்ட் மெக்கானிக்.

எனக்கு இடது காது கேட்காது. முப்பத்தொரு வருடமாக நான் லிஃப்ட் மெக்கானிக். அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் சாப்பிடுகிறேன்.

அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் இருந்தது யார் என்று உனக்குத் தெரியும். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நீ சொன்னால் நம்புவாள். ‘உன் அப்பா ஒளியவில்லை’ என்று அவளுக்கு ஒரு வரி எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

தம்பி


ஜனவரி 21

தம்பி,

உன் கடிதத்தில் ஒன்பது எழுத்துப் பிழை. சிவப்பு மையால் திருத்தி அனுப்பலாமா என்று யோசித்தேன், பாவம் என்று விட்டுவிட்டேன்.

உன் மகள் ஏற்கெனவே எனக்கு எழுதியிருக்கிறாள். மூன்று அத்தியாயம் அனுப்பினாள். உன் வீட்டில் இப்படி ஒரு மூளை எப்படி முளைத்தது? அந்த அம்புக்குறியை நானே அவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. பச்சை சிவப்பாக மாறுவதற்கு நடுவில் ஆறாவது நாவல் வெறுமையாக இருக்கிறதே, அங்கே என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறாள். இத்தனை விமர்சகர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி.

இப்போது உன் வேண்டுகோள். நாவலில் வருவது நாவலில் வருபவன், நீயில்லை. ஊரில் எத்தனை செவிடர்கள் இருக்கிறார்கள்? எத்தனை கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது? என் பன்னிரண்டாவது நாவலை எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன், நீ வந்து ‘நான் நல்லவன்’ என்று எனக்குச் சான்றிதழ் கொடு என்கிறாய். நான் என்ன தலைமை ஆசிரியையா?

நீ நல்லவன் என்றால் அது உன் மகளுக்கே தெரிந்திருக்குமே. இருபத்து நாலு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் தெரியவில்லை என்றால், குறை என் புத்தகத்திலா?

அக்கா


பிப்ரவரி 2

அக்கா,

பிழைகளைப் பொறுத்துக்கொள். எட்டாவதோடு என் படிப்பு நின்றது, நீ கல்லூரிக்குப் போவதற்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது குண்டூசி கேட்டாள்.

“அம்மா கை எப்பிடிப்பா ஒடஞ்சுது?”

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா. உனக்கு அப்ப ஆறு வயசு.”

“நீ எங்க இருந்த?”

“வேலைல. பக்கத்து வீட்டக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க.”

தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “ஒம்பதாவது நாவல்ல அவனும் டாக்டர்கிட்ட அதையேதான் சொல்றான்.”

என் மனைவியின் மணிக்கட்டு உடைந்ததை உனக்குத் தொலைபேசியில் சொன்னது நான்தான். நீ “ஐயோ, பாத்து இருக்கக்கூடாதா” என்றாய். இரண்டு வருடம் கழித்து அது புத்தகமாக வந்தது. அதில் அவன் மணிக்கட்டை முறுக்குகிறான். அவள் உயிரோடு இருந்தவரை எனக்குக் கவலையில்லை. புத்தகத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்கக்கா உன்ன பெரிய வில்லனாக்கிட்டாங்க, நீ ஒரு கரப்பான்பூச்சிய அடிக்க மாட்ட” என்றாள். இன்று சிரிக்க அவள் இல்லை. பக்கத்து வீட்டக்காவும் இல்லை.

இன்னொன்று. உன் முதல் நாவலை நேற்று முதல் தடவையாக முழுசாகப் படித்தேன். கட்டிலுக்கு அடியில் கிடக்கிறவனுக்குத் தரையின் குளிர்ச்சி கன்னத்தில் தெரிகிறது. கட்டில் பலகையின் அடியில் தச்சன் பென்சிலால் போட்ட கணக்கு தெரிகிறது. அப்பாவின் பூட்ஸ் போகும்போதும் வரும்போதும் குதிகால் லாடத்தில் ஓர் ஆணி குறைவது தெரிகிறது. மற்ற நாலையும் புரட்டிப் பார்த்தேன், ஐந்து நாவலிலும் அந்த ஆணி குறைகிறது. அக்கா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் பார்த்ததே இல்லை. நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வரி எழுது.

தம்பி


பிப்ரவரி 15

தம்பி,

அந்த ஆணியைப் பிடித்துவிட்டாயே. நீ ஆராய்ச்சிக்குப் போயிருக்கலாம்.

சரி, ஓர் ஒப்பந்தத்துக்கு வருவோம். என் புது நாவல் ஒரு தாயின் கடைசி இரண்டு வருடம். புத்தி மங்கிப்போகிற ஒரு தாய். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நீ, நான் ஒரே ஒரு மத்தியானம் வந்து போனேன். அம்மா என்ன சொன்னாள், எப்படிப் பார்த்தாள், நீ என்னென்ன செய்தாய், எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. அழகாக எழுத வேண்டாம், உனக்கு அது வராது. உள்ளதை உள்ளபடி எழுது.

வந்து சேர்ந்ததும் உன் மகளுக்கு நீ கேட்ட வரியை எழுதுகிறேன்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

உட்கார்ந்து எழுத நாலு ஞாயிறு வேண்டும், அதற்குள் நீ அவசரப்படுவாய் என்று இரண்டில் முடிக்கிறேன்.

முதலில் பெயர்கள் போயின. பிறகு சாப்பிட்டதை மறந்தாள். இட்லித் துண்டு, பிஸ்கட், எது கொடுத்தாலும் பாதியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைப்பாள். கேட்டால், “பொண்ணு பள்ளிக்கூடம் விட்டு வருவா” என்பாள். உனக்காகத்தான்.

ஆறாவது மாதத்தில் என்னை அப்பா என்று நினைக்க ஆரம்பித்தாள். வேலை முடிந்து நான் உள்ளே வந்தாலே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள். “அடிக்காதீங்க, பசங்க பாக்கறாங்க” என்பாள். முகச்சாயல் என்ன செய்வது, நாற்பது வயதுக்கு மேல் எனக்கு அப்பாவின் முகம் வந்துவிட்டது. என் பாதுகாப்பு பூட்ஸின் சத்தம்தான் காரணம் என்று மனைவி கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து படிக்கட்டின் கீழேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறுவேன். கொஞ்சம் பலன் இருந்தது, முழுசாக இல்லை. மீசையையும் எடுத்துப் பார்த்தேன்.

கடைசி மூன்று மாதம் மூக்கில் குழாய். பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள், இரண்டு தடவை ரத்தம் வந்தது. நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி கைகளைக் கட்டிலோடு மெல்லிய துணியால் கட்டினேன். இரண்டு விரல் நுழைகிற தளர்ச்சி இருக்கவேண்டும். கட்டும்போதெல்லாம் “இனிமே பேசமாட்டேன், அவுத்து விடுங்க” என்று கெஞ்சினாள். அம்மா, நான் உன் பையன் என்று சொல்லிக்கொண்டே கட்டுவேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குண்டூசியிடம்கூட. பாட்டி ஏன் பயப்பட்டாள் என்றால் தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டிவரும், எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இப்போது நீ எழுது.

தம்பி


மார்ச் 12

தம்பி,

வந்தது. தலையணை உறை அருமை. முகத்தை மூடிக்கொள்வது அதைவிட அருமை.

உன் மகளுக்கு நேரம் பார்த்து எழுதுகிறேன்.

அக்கா


நவம்பர் 18

அக்கா,

எட்டு மாதம் காத்திருந்தேன். ஆறு கடிதம் போட்டேன். நீ வரியும் எழுதவில்லை, பதிலும் எழுதவில்லை. புத்தகம் மட்டும் வந்திருக்கிறது.

நேற்று குண்டூசி அதைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்தாள். விரல் வைத்துப் படித்துக் காட்டினாள். லிஃப்ட் மெக்கானிக் வேலை விட்டு வருகிறான். பூட்ஸ் சத்தம் படிக்கட்டில் கேட்கிறது. தாய் முகத்தை மூடிக்கொண்டு, அடிக்காதே மகனே என்கிறாள். அவன் அவள் கைகளைக் கட்டிலோடு இறுகக் கட்டிவிட்டு, அடுத்த அறையில் போய்த் தொலைக்காட்சியில் பந்தாட்டம் பார்க்கிறான்.

“இது கதைம்மா” என்றேன்.

“பாட்டி உன்னப் பாத்தா மூஞ்சிய மூடிக்குவாங்க. எனக்கு ஞாபகம் இருக்கு. கையில துணி கட்டியிருந்ததும் ஞாபகம் இருக்கு. அதுவும் கதையா?”

எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைப் பற்றி, குழாயைப் பற்றி, நர்ஸைப் பற்றி, உனக்கு நான் எழுதிக்கொடுத்ததைப் பற்றி. பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “இத்தன வருஷம் ஏன் சொல்லல? புஸ்தகம் வந்தப்பறம்தான் சொல்லணும்னு தோணுச்சா?”

அட்டையைச் சுவரிலிருந்து பக்குவமாக உரித்துச் சுருட்டினாள். இரண்டு பெட்டி எடுத்துக்கொண்டாள். நான் கீழே தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். “கிட்ட வராதப்பா” என்றாள். பயந்து சொன்னாள், அக்கா. என் மகள் என்னைப் பார்த்துப் பயந்தாள்.

கேட்ட கூலியை நான் கொடுத்தேன். நீ என்ன செய்தாய்?

தம்பி


டிசம்பர் 1

தம்பி,

உன் மகள் இங்கேதான் இருக்கிறாள், என்னோடு. காணவில்லை என்று ஊரெல்லாம் தேடாதே. என் கையெழுத்துப் பிரதிகளை வருட வாரியாக அடுக்குகிறாள், கடிதங்களுக்குப் பதில் போடுகிறாள். சுறுசுறுப்பு. கரண்டி பிடிக்கத்தான் தெரியவில்லை, நீதானே சமைத்துப் போட்டு வளர்த்தாய்.

நீ எழுதியதை அப்படியே போட்டால் என்ன புத்தகம் அது? நல்ல மகன் அம்மாவைப் பார்த்துக்கொண்டான், அம்மா செத்தாள். யார் படிப்பார்கள்? தளர்வாகக் கட்டினான் என்று எழுதலாம், படிக்கிறவன் தூங்கிவிடுவான். இறுகக் கட்டினான் என்று எழுதினால் நிமிர்ந்து உட்காருவான். ஆறாவது நாவலிலிருந்து எனக்கு அது தெரியும். ஒளிந்த பையன் மேல் எல்லோரும் பரிதாபப்பட்டுப் பரிதாபப்பட்டுச் சலித்துவிட்டார்கள். அவனை எழுப்பிக் கையில் எதையாவது கொடுக்கவேண்டியிருந்தது.

நீ ஏன் இவ்வளவு கூச்சல் போடுகிறாய்? உன் பெயர் எங்கேயாவது வருகிறதா? அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி நீ விவரமாக எழுதி அனுப்பினால் அடுத்த நாவலுக்கு உதவும். உன் மகள் இங்கேதான் இருக்கிறாள், என்னோடு. காணவில்லை என்று தேடாதே.

அக்கா


டிசம்பர் 9

அக்கா,

அம்மாவின் கடைசி நாட்களை மார்ச் மாதமே எழுதி அனுப்பிவிட்டேன். சொன்னதையே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாய். டாக்டரைப் பார்.

தம்பி


அடுத்த வருடம், ஜூன் 6

தம்பி,

டாக்டரைப் பார்த்தேன். ஒரு வட்டம் வரைந்து கொடுத்து, அதில் மணி பத்தே கால் போடச் சொன்னார். பன்னிரண்டு நாவல் எழுதிய கை. முள் இரண்டையும் வட்டத்துக்கு வெளியே போட்டேனாம். அம்மாவுக்கு வந்ததுதான் எனக்கும். இன்று காலை தெளிவாக இருக்கிறது, அதனால் இன்றே எழுதுகிறேன்.

கட்டிலுக்கு அடியில் இருந்தது நான்.

எனக்குப் பதினொன்று, உனக்கு எட்டு. அப்பா இஸ்திரிப் பெட்டியின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார். அம்மா விழுந்ததும் நான் உள்ளே போய்விட்டேன். உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன், நீ வரவில்லை. நீ போய் அப்பாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டாய். அப்பா விட்ட அறை உன் காதில் விழுந்த சத்தம் எனக்குக் கீழே கேட்டது. கன்னத்தில் தரை குளிர்ந்தது. பூட்ஸ் போயிற்று, வந்தது. “அவ எங்கடா?” என்று அப்பா கேட்டார். நான் கிடந்த இடம் உனக்குத் தெரியும். காதிலிருந்து ரத்தம் வழிய, “கடைக்குப் போயிருக்கா” என்றாய்.

அதைத்தான் நான் மன்னிக்கவில்லை. நீ காட்டிக்கொடுத்திருந்தால் நாம் இரண்டு பேரும் சமமாக இருந்திருப்போம். அன்றிலிருந்து உன் முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு என் முகம் தெரிந்தது. முதல் நாவல் எழுதும்போது உன்னைப் பிடித்துக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்தேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? எல்லோரும் புகழ்ந்தார்கள். பிறகு உன்னை வெளியே எடுக்க மனம் வரவில்லை. எடுத்தபோதும் வயரைக் கையில் கொடுத்துத்தான் எடுத்தேன்.

இதை உன் மகளிடம் காட்டு. நானே சொல்லலாம் என்று வாயைத் திறக்கிறேன், அதற்குள் வேறு ஏதோ பேசிவிடுகிறேன்.

இந்த நோயை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பார்த்தவன் நீ ஒருவன்தான். அடுத்தது என்ன என்று இங்கே யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். நீ வந்து என்னோடு இரு. எனக்குப் பயமாக இருக்கிறதுடா.

அக்கா


ஜூலை 2

அக்கா,

உன் கடிதத்தைக் குண்டூசிக்கு அனுப்பினேன். உன் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதால் நீயே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கவும் கூடும். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். வலது காதில் அழுத்தி வைத்துக்கொண்டு கேட்டேன்.

“அத்த இப்ப எல்லாத்தையும் மாத்தி மாத்திதான் பேசறாங்கப்பா. நேத்து என்னப் பாத்து அம்மாங்கறாங்க. முந்தாநாள் தம்பி கடைக்குப் போயிருக்கான்னாங்க. இந்த நெலமையில இருக்கறவங்ககிட்ட இத எழுதி வாங்கியிருக்கியே, உனக்கே நல்லாருக்கா?”

“நான் எழுதி வாங்கலம்மா.”

“போன வருஷம் பூரா இந்த ஒரு வரியத்தான கேட்டுட்டே இருந்த? உன் லெட்டர் எல்லாம் நான்தான் அடுக்கி வெச்சிருக்கேன்.”

ஆய்வேட்டில் இதையும் சேர்த்துவிட்டாளாம். கடைசி அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பு. எனக்குப் படித்துக் காட்டினாள், எழுதிக்கொண்டேன். ‘நோய் தொடங்கிய பின் எழுதியவற்றில் ஆசிரியர் தன்னையும் தம்பியையும் இடம் மாற்றிக்கொள்கிறார். தன் பாத்திரத்தின் மீதுள்ள இரக்கத்தால் அதன் குற்றத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் இந்த நெகிழ்ச்சி, பிற்காலப் படைப்புகளிலேயே மிக அழகான தருணம்.’ கைடு மிகவும் பாராட்டினாராம்.

இந்தக் கடிதத்தையும் அவள்தான் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். காட்டட்டும்.

நான் வரமாட்டேன். கோபம் என்று நினைத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அம்மாவை என்னால் குளிப்பாட்ட முடிந்தது, ஊட்ட முடிந்தது. உன்னையும் முடியும், பழகிய கை. ஆனால் நான் உன் அறைக்குள் வந்தால் என் மகள் வாசலில் நின்று என் கைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பார்வையோடு என்னால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்க முடியாது.

அடுத்தது என்ன என்று கேட்டாயே. அடுத்தது எழுத்து. எழுத உட்காருவாய், பேனா எதற்கு என்று தெரியாது. பிறகு கண்ணாடியில் தெரிகிற பெண் யார் என்று கேட்பாய். பிறகு வயிறு நிறைந்ததா இல்லையா என்பது தெரியாது. அதற்குப் பிறகு பயம் வரும், காரணம் இல்லாத பயம். யாராவது நடந்து வந்தாலே வரும். அம்மா பயப்படும்போது கூப்பிட நான் பக்கத்தில் இருந்தேன், என்னை யார் என்று தெரியாவிட்டாலும். நீ யாரைக் கூப்பிடுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

நீ எழுதிய பக்கத்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கி என்னிடமே வைத்திருக்கிறேன். போன வருடம் ஜனவரியில் எழுதியிருந்தால் அதற்கு வேறு மதிப்பு. உலகத்தில் இப்போது அதை நம்புகிறவன் நான் ஒருவன்தான். எனக்கு அது முன்பே தெரியும்.

தம்பி